வாசகர் கேள்வி–பதில்: பழுப்பாக இருப்பது பெட்டையா, இளம்பறவையா?

சென்ற இதழில் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காணப்படும் தாழைக்கோழியைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். சிவப்பு அலகும் மஞ்சள் அலகுநுனியும் கொண்ட கருநிறப் பறவை என்று அதில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அவ்விவரத்துக்குள் அடங்காத பறவைகளைப் பார்த்துவிட்டுக் காவிரிப் படுகை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றையொன்று ஒட்டிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு வாசகி:

எங்கள் வீட்டுக் கொல்லையை ஒட்டிய குளத்தில் ஆடி மாதம் முதல் ஒரு ஜோடித் தாழைக்கோழிகள் இருக்கின்றன. இப்போது அவற்றோடு மூன்று பழுப்பு நிறப் பறவைகளும் மேய்கின்றன. அவற்றின் நெற்றியில் சிவப்பு இல்லை. அலகும் மங்கலாக இருக்கிறது. அவை பெட்டைகள் என்கிறார் என் மாமனார். கானாங்கோழிகள் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரியன்று. உங்கள் மாமனாரின் எண்ணம் பலரிடமும் இருப்பதுதான். வீட்டுக்கோழியிலும் மயிலிலும் சேவல் பளிச்சென்றும் பெட்டை மங்கலாகவும் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், நீர்ப்பறவையிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாழைக்கோழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிற வேறுபாடு கிடையாது. ஆண் சராசரியாகச் சற்றுப் பெரியது, எடையும் கூடியது. ஆயினும் இரண்டும் அருகருகே நின்றால்கூட அதை உறுதியாகச் சொல்வது கடினம். ஆகவே, பழுப்பு என்பது இங்கே வயதின் அடையாளமே அன்றிப் பாலின் அடையாளம் அன்று. உங்கள் குளத்தில் மேய்பவை, அந்த ஜோடி இவ்வாண்டு பொரித்து, இப்போது முழு இறகு முளைத்துவிட்ட இளம்பறவைகளாகவே இருக்க வேண்டும்.

உங்கள் மகனின் ஐயத்தைத் தீர்க்க, அப்பறவைகள் திரும்பி நடக்கும்போது வாலடியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாழைக்கோழி நடக்கும்போதும் நீந்தும்போதும் வாலை அடிக்கடி மேலே வெட்டும். அப்போது வாலின் கீழே இரண்டு வெள்ளைத் திட்டுகளும் அவற்றைப் பிரிக்கும் ஒரு கரும்பட்டையும் தெரியும். கூடவே, மூடிய சிறகின் கீழ்விளிம்பை ஒட்டி விலாப்புறத்தில் ஒரு வெளிர்க்கோடு ஓடும். வளர்ந்த பறவையில் அது தூய வெள்ளை, இளம்பறவையில் சற்று மங்கிய வெள்ளை. குஞ்சுப்பருவத்து மென்தூவி உதிர்ந்து இறகு முளைத்த நாளிலிருந்து இறுதிவரை இந்த இரு அடையாளங்களும் மாறுவதில்லை. கானாங்கோழிக்கு விலாக்கோடு கிடையாது. முகத்திலிருந்து மார்பு, வயிறு வரை வெள்ளையாகவும் வாலடி செங்கல் நிறமாகவும் இருக்கும். இளம் கானாங்கோழியின் முகத்தில் சாம்பல் கலந்து வெள்ளை தெளிவற்றிருந்தாலும், வாலடியின் செம்மை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பறவை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர் முதலில் ஒரு சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். அலகின் சிவப்பு, வயது ஏற ஏறச் சீராகக் கூடிக்கொண்டே போவதில்லை. குஞ்சுக்கு அது உண்டு; இளம்பறவைக்கு இல்லை; வளர்ந்த பறவைக்கு மீண்டும் வந்துவிடுகிறது. எனவே அலகை மட்டும் பார்த்து வயதைச் சொன்னால் தவறிவிடும். உடலின் நிறத்தை மட்டும் பார்த்தாலும், கரும்தூவி போர்த்திய குஞ்சும் கருத்த பெரிய பறவையும் ஒன்றாகிவிடும். அலகு, தொண்டை, விலா, கால் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்ப்பதே வழி.

தாழைக்கோழி பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது முட்டைகள் வரை இடும். தாயும் தந்தையும் மாறிமாறி ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சின் உடல் முழுவதும் கரும்தூவி போர்த்தியிருக்கும்; தொண்டைப் பக்கம் மட்டும் தூவியின் நுனிகள் வெளிறியிருக்கும். உச்சந்தலையில் தூவி மிகக் குறைவு. அங்கே செந்நிறமும் நீலமும் கலந்த தோல் வெளியே தெரியும். அலகு நல்ல சிவப்பு, நுனி மஞ்சள். சிறகு இருக்கும் இடத்தில் சிறு தோல்முனை மட்டுமே இருக்கும். அதில் ஒரு நுண்ணிய நகம் உண்டு. கோரையையும் சம்பையும் பற்றிக்கொண்டு கூட்டின்மேல் ஏற அந்த நகம் உதவுகிறது. பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சு நீந்தத் தொடங்கிவிடும். ஆயினும் தாயும் தந்தையும் அலகில் கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்கு இரை. இரவில் குஞ்சுகளை அணைத்துக் கிடப்பதற்காகப் பெற்றோர் தனியாகக் கோரைத் தட்டுகளை அமைப்பதும் உண்டு. குளத்தில் முட்டை இல்லாத ‘வெறுங்கூடு’ பார்த்தேன் என்று எழுதுபவர்கள் பல சமயம் பார்ப்பது இத்தகைய தட்டையே.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் உருவம் மிகக் குழப்பமாகிவிடும். குஞ்சு தானே இரை பொறுக்கத் தொடங்கும் இந்தக் கட்டத்தில் அலகின் சிவப்பு வடியத் தொடங்குகிறது. தலையின் வெறுந்தோல் மூடிக்கொள்கிறது. வயிற்றுப் பக்கமும் முதுகின் மேலும் இறகு முளைத்துவிட்டிருக்க, கழுத்தில் மட்டும் பழைய கரும்தூவி தொங்கும். சிறகின் பெரிய இறகுகள் கடைசியாகத்தான் வளர்கின்றன. உடல் ஏறக்குறைய வளர்ந்துவிட்டது, சிறகோ இன்னும் குட்டை என்ற இந்தத் தோற்றத்தைப் பார்த்துவிட்டுத்தான் ‘நோயுற்ற பறவை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது நோய் அன்று. வளர்ச்சியின் ஒரு கட்டம்.

ஆறு, ஏழு வாரத்தில் அது பறக்கத் தொடங்கும். உங்கள் கொல்லைக் குளத்தில் இருப்பவை இந்த நிலையை எட்டியவை. முதுகு மங்கிய பழுப்பு, அடிப்புறம் சாம்பல் கலந்த வெளிர்ப்பழுப்பு, தொண்டை ஏறக்குறைய வெள்ளை, அலகு பச்சை கலந்த பழுப்பு. வளர்ந்த பறவையில் அலகிலிருந்து நெற்றிமேல் ஏறும் சிவப்புத் தகடு, இதில் தெரியாத அளவுக்குச் சிறியது. கண்ணின் நிறமும் மங்கல். வளர்ந்த பறவையின் பச்சைமஞ்சள் காலில், நடுமூட்டுக்கு மேலே செந்நிறக் காப்புப் போட்டதுபோல் ஒரு வளையம் இருக்கும். இளம்பறவையின் காலில் அது இல்லை.

பிறகு சில மாதங்கள் நீளும் ஒரு மாறுகாலம் வருகிறது. இளம்பருவத்து உடலிறகுகள் உதிர்ந்து, தலையிலும் மார்பிலும் கருஞ்சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக ஏறும். அலகில் முதலில் ஒரு செம்பழுப்புச் சாயல் படரும், நுனி மஞ்சளாகும், நெற்றித் தகடு மெல்ல மேலேறும். உடலிறகு மாறினாலும் சிறகின் பெரிய இறகுகள் பழையவையாகவே இருப்பதால், கருத்த உடலில் வெளிறித் தேய்ந்த பழுப்புச் சிறகு தெரிந்தால் அது முதலாண்டுப் பறவை என்று துணிந்து சொல்லலாம். ஒரே ஈட்டில், அதாவது ஒருமுறை அடைகாத்த முட்டைகளிலிருந்து, பிறந்தவைகூட இம்மாற்றத்தில் ஒன்றுபோல் முன்னேறுவதில்லை. ஆகையால், ‘நான்கு மாதப் பறவை’, ‘ஐந்து மாதப் பறவை’ என்று பார்வையால் கணக்கிடுவது வீண். அடுத்த இனப்பெருக்கக் காலத்துக்குள் அது பெற்றோரைப் போலவே ஆகிவிடும். ஓராண்டு நிறைவதற்குள் தானே கூடு கட்டும் தகுதியும் பெற்றுவிடும்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்:

அரசலாற்றை ஒட்டிய வாய்க்காலில், சம்புப் புதர் ஓரமாகக் கருநிறக் குஞ்சுகள் சிலவற்றைப் பார்த்தேன். தாய்ப்பறவை கண்ணில் படவில்லை. அவை தாழைக்கோழியா, நாமக்கோழியா, கானாங்கோழியா என்று எப்படி அறிவது?

பதில்: இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் எல்லாமே கரும்தூவி போர்த்தியவை என்பதால், உடலைப் பார்த்துப் பயனில்லை, தலையையும் அலகையும் பாருங்கள். அலகு சிவப்பாகவும் நுனி மஞ்சளாகவும் இருந்தால் தாழைக்கோழி. அலகு சிவந்து நுனி வெளுத்து, தலையையும் கழுத்தையும் சுற்றி ஆரஞ்சு நிற மயிர்க்கற்றைகள் நீட்டிக்கொண்டிருந்தால் நாமக்கோழி. அந்த ஆரஞ்சு நிறத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். உடலும் அலகும் ஒருசேரக் கருத்திருந்தால் கானாங்கோழி.

இடமும் ஓரளவு உதவும். நாமக்கோழி வடுவூர் ஏரி, வீராணம் போன்ற பரந்த நீர்ப்பரப்பை நாடுவது. குறுகிய வாய்க்காலில் குஞ்சு பொரிப்பதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கானாங்கோழியோ வாய்க்கால் கரை, வேலியோரம், வாழைக்கொல்லை எங்கும் நடமாடும். தாழைக்கோழிக்குத் திறந்த நீரும் வேண்டும், உடனே ஒதுங்கப் புதரும் வேண்டும். நீங்கள் சொல்லும் வாய்க்கால் கானாங்கோழி, தாழைக்கோழி இரண்டுக்கும் பொருந்துவதால், அலகைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வளர்ந்துவிட்ட இளம் நாமக்கோழியையும் இளம் தாழைக்கோழியையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். இளம் நாமக்கோழிக்கு முகமும் முன்கழுத்தும் வெளுத்திருக்கும், வாலடியில் வெள்ளை இராது, விலாக்கோடும் இராது. கரையேறினால் விரல்களைப் பாருங்கள்: நாமக்கோழியின் விரல்களில் அகன்ற மடல்கள் உண்டு, தாழைக்கோழியின் விரல்கள் நீண்டு மெலிந்தவை, மடல் அற்றவை.

திருத்துறைப்பூண்டிப் பகுதியிலிருந்து ஒரு விவசாயி:

சம்பா வயலில் நெற்பயிருக்குள்ளிருந்து பழுப்புக் கோழி போன்ற ஒரு பறவை வரப்பில் ஏறி, ஆளைக் கண்டதும் மீண்டும் பயிருக்குள் நுழைந்துவிடுகிறது. அது இளம் தாழைக்கோழிதானா?

பதில்: பழுப்புக் கோழி என்றதுமே நாங்கள் நினைத்தது தண்ணீர்க்கோழியை. அதன் பெட்டையும், இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே சேவலும், வெளிர்ப்பழுப்பு உடலில் கருமையான செதில் வரிகளோடு காணப்படும். நெல்வயல் அதற்கு மிகவும் உகந்த இடம். இளம் தாழைக்கோழியின் முதுகில் வரிகள் இல்லை, ஒரே சீரான பழுப்பு. மேலும் அது வரப்பில் நடக்கும்போது வாலை வெட்டி வெள்ளையைக் காட்டாமல் இருப்பது அரிது. பயிருக்குள் நுழையும் கடைசி நொடியில் பின்புறத்தைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் தாழைக்கோழி. வரிகள் படிந்த பழுப்பே தெரிந்தால் தண்ணீர்க்கோழி.

வடுவூரிலிருந்து ஒரு வாசகர்:

ஏரிக்கரையோர மதகுப் பள்ளத்தில் ஒரே ஜோடியுடன் இரண்டு அளவுகளில் குஞ்சுகள் இருந்தன. பழுப்பு இறகு முளைத்த பெரிய குஞ்சு ஒன்று, கருப்புக் குஞ்சுக்கு இரை கொடுத்ததைப் பார்த்தேன். நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

பதில்: நீங்கள் பார்த்தது உண்மையே. தாழைக்கோழி ஒரே பருவத்தில் இரண்டு ஈடு குஞ்சு பொரிப்பது உண்டு. முதல் ஈட்டில் பிறந்த இளம்பறவைகள் பெற்றோரின் எல்லையிலேயே தங்கி, இரண்டாம் ஈட்டுத் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். அணைநீர் வந்து நிரம்பிய நீர்நிலையில் தொடக்கத்திலேயே கூடு கட்டிய ஜோடிக்கு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன்பே ஓர் ஈட்டை வளர்த்துவிட நேரம் கிடைத்துவிடும். எனவே ஐப்பசி, கார்த்திகையில் ஒரே குடும்பத்தில் மூன்று பருவத்துப் பறவைகளையும் சேர்ந்தாற்போல் காணலாம். பருவங்களை ஒப்பிட்டுப் பழக விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். முட்டைகள் நாளுக்கு ஒன்றாக இடப்படுவதாலும், எல்லா முட்டையும் இட்டு முடிக்கும் முன்பே சில சமயம் அடைகாக்கத் தொடங்கிவிடுவதாலும், ஒரே ஈட்டுக் குஞ்சுகளிலும் சிறிது அளவு வேறுபாடு இருக்கும். ஆனால் அவை எல்லாமே கரும்தூவியுடன் இருக்கும். ஒன்று தூவியிலும் மற்றொன்று இறகிலும் இருந்தால், அவை இரண்டு ஈடுகள்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி:

நெற்றியின் சிவப்புத் தகடு பெரிதாக இருந்தால் அது வயதான பறவை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. முழுவளர்ச்சி அடைந்த பறவையிலும் அந்தத் தகடு இனப்பெருக்கக் காலத்தில் பருத்துப் பளிச்சிடும், மற்ற மாதங்களில் சுருங்கி மங்கும். ஆணுக்குச் சராசரியாகப் பெரியது என்றாலும், பெண்ணில் பெரிய தகடு உள்ளவையும் ஆணில் சிறிய தகடு உள்ளவையும் உண்டு. தகடு மிகச் சிறியதாகவும் சிறகு பழுப்பாகவும் சேர்ந்திருந்தால் மட்டுமே அதை இளமைக்குச் சான்றாகக் கொள்ளுங்கள்.

ஆண், பெண் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் இப்பறவையை ஆராய்ந்த மரியன் பெட்ரி 1983இல் வெளியிட்ட கட்டுரை, பெண்பறவைகள் தங்களுக்குள் சண்டையிட்டு, உருவில் சிறியனவும் கொழுப்பு மிகுந்தனவுமான ஆண்பறவைகளுக்காகப் போட்டியிடுகின்றன என்று காட்டியது. அடைகாப்பதில் ஆணே பெரும்பங்கு ஏற்கிறது. உடலில் கொழுப்புச் சேர்ந்த ஆண் நீண்ட நேரம் அடையில் இருக்க முடியும். ஆகவே குளத்தில் இரண்டு தாழைக்கோழிகள் காலால் உதைத்துக்கொண்டால், அவை இரண்டும் சேவல்கள் என்று முடிவு கட்டவேண்டாம்.

திருவாரூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்:

பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள இருக்கிறேன். வயதுக் குறிப்பும் சேர்த்து எழுத விரும்புகிறேன். எதை, எப்படிக் குறிக்கவேண்டும்?

பதில்: தை மாதத்தில் நீங்கள் பார்க்கும் தாழைக்கோழிகளில் மாறுகாலத்துப் பறவைகள் கணிசமாக இருக்கக்கூடும்; ஆகவே ‘வளர்ந்தது’, ‘இளையது’ என்ற இரண்டு பெட்டிகளுக்குள் எல்லாவற்றையும் அடைக்க முயலாமல், தூவிக்குஞ்சு, பழுப்பு இளம்பறவை, மாறுகாலப் பறவை, வளர்ந்தது என்ற நான்கு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகத் தெரியாதவற்றுக்கு ‘வயது தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒன்றும் இருக்கட்டும். அந்த ஐந்தாவது தலைப்பில் ஒன்றுமே இல்லாத குறிப்பேட்டை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை.

முடிவை எழுதும் முன், அந்த முடிவுக்கு வரக் காரணமான உறுப்பை எழுதுங்கள்: ‘அலகு பச்சைப்பழுப்பு, தொண்டை வெள்ளை, காலில் செவ்வளையம் இல்லை’ என்பதுபோல. பின்னாளில் முடிவு தவறென்று தோன்றினாலும் குறிப்பு பயன்படும். கதிரவன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் இடம்பிடியுங்கள். எதிர்வெயிலில் பழுப்புப் பறவையும் கருப்பாகவே தெரியும் என்பதால், வயதைத் தவறாகக் குறிப்பவர்களில் பாதிப்பேரை ஏமாற்றுவது ஒளிதான் என்று நினைக்கிறோம். விடிந்த பின் முதல் இரண்டு மணி நேரமும், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகும் அவை ஆகாயத்தாமரை விளிம்பை விட்டு வெளியே வந்து மேயும். எட்டு மடங்கு பைனாகுலர் போதுமானது. நடந்துகொண்டே பார்ப்பதைவிட ஒரே இடத்தில் அசையாமல் இருப்பதே பலன் தரும். உள்ளே ஒதுங்கிய பறவை, ஆள் இருப்பதை மறந்து, சிறிது நேரத்தில் திரும்பி வந்துவிடும்.

சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்:

கான்சாகிப் வாய்க்கால் ஓரத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்த ஒரு கருப்புக் குஞ்சைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம், எடுத்த இடத்திலேயே, புதரின் ஓரத்தில் இன்றே விட்டுவிடுங்கள். இது தாழைக்கோழிக் குஞ்சாக இருந்தாலும் கானாங்கோழிக் குஞ்சாக இருந்தாலும் விடை ஒன்றே. ஆள் நடமாட்டம் கண்டால் பெற்றோர் புதருக்குள் ஒதுங்கிவிடும். குஞ்சு தனித்துவிட்டதுபோலத் தோன்றும். நீங்கள் விலகிச் சென்றதும் அவை குஞ்சின் குரலைக் கேட்டு வந்துவிடும். காட்டுப் பறவையைப் பிடித்து வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பாபநாசத்திலிருந்து ஒரு வாசகர்:

எங்கள் ஊர்க் குளத்தில் நல்ல சிவப்பு அலகுள்ள ஒரு பெரிய தாழைக்கோழி சில வாரங்களாகப் பறப்பதே இல்லை. விரட்டினால் ஓடுகிறது, நீரில் மூழ்குகிறது. சிறகு குட்டையாகத் தெரிகிறது. வளர்ந்த பறவைக்குச் சிறகு குட்டையாக இருக்குமா?

பதில்: இருக்கும். இனப்பெருக்கம் முடிந்தபின் வளர்ந்த தாழைக்கோழி சிறகின் பெரிய இறகுகள் அனைத்தையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுகிறது. புதியவை முளைத்து வளரும் வரை சில வாரங்கள் அதனால் பறக்க இயலாது. ஆபத்து நேர்ந்தால் நீரில் மூழ்கி, தண்டுகளைக் காலால் பற்றிக்கொண்டு, அலகை மட்டும் மேலே நீட்டி அப்படியே இருந்துவிடும். நீங்கள் கண்டதும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். காயம் பட்ட பறவையில் பெரும்பாலும் ஒரு பக்கச் சிறகு தொங்கும், இதில் இரு பக்கமும் ஒரே அளவில் குட்டையாக இருக்கும். பறக்கப் பழகாத இளம்பறவையின் சிறகும் குட்டைதான் என்பதால், சிறகை வைத்து வயதை எடைபோட வேண்டாம். முழுச் சிவப்பு அலகும், காலில் செவ்வளையமும், கருஞ்சாம்பல் மார்பும் சேர்ந்திருக்கும்வரை அது வளர்ந்த பறவையே.